பதினெட்டு வீட்டுச் சட்டி

வால்பாறை மலையில், மழை வந்து உட்கார்ந்தால் மூன்று மாதத்துக்கு எழுந்து போகாத குறிஞ்சாமலை எஸ்டேட்டில், பதினெட்டு வீடுகளை ஒரே வரிசையில் ஒட்டிக் கட்டிய மேல்லயனின் எட்டாம் நம்பர் வீட்டில், கொழுந்து பறிக்கும் தங்கபுஷ்பம் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் அடுப்பிலிருந்து இறக்கி வைத்த சின்ன இரும்புச் சட்டி வெள்ளிக்கிழமை காலையிலும் ஆறவில்லை, சனிக்கிழமையும் ஆறவில்லை, ஞாயிற்றுக்கிழமை லயனே திரண்டு சந்தைக்குப் போய்த் திரும்பி வந்த பிறகும் ஆறவில்லை, அதற்கப்புறம் பதினாலு மாதம் ஆறவே இல்லை.

அது பெரிய சட்டியும் இல்லை, அழகான சட்டியும் இல்லை. பழைய தேயிலை பாக்டரியைப் பிரித்து இரும்பை எடைக்குப் போட்டபோது குவியலின் அடியில் கிடந்ததை, "இதையும் சேத்து உருக்கிறாதீங்கய்யா" என்று கேட்டு வாங்கி வந்தது. வார்ப்பிரும்பு. இரண்டு காதில் ஒரு காது உடைந்திருந்தது. ரெண்டு பேருக்கு ஒரு வேளைக் குழம்பு வைத்தால் விளிம்பு வரைக்கும் வரும், மூன்றாவது ஆள் வந்தால் தண்ணீர் ஊற்றி நீட்ட வேண்டியதுதான். ஆனால் எட்டாம் நம்பரில் இருந்ததே ரெண்டு பேர். புருஷன் தேவசகாயம் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தபோது மகள் சுகிர்தாவுக்கு நாலு வயது. அப்போதிலிருந்து அரிசி கழுவிய தண்ணீரில் அலசி, நல்லெண்ணெய் தடவித் துடைத்து, பதினெட்டு வருஷம் பழக்கிய சட்டி. அதில் பூண்டுக் குழம்பு வைத்தால் தனியாக ஒரு மணம் வரும். பள்ளிக்கூடம் விட்டு வரும்போதே லயன் முனையில் நின்று மூக்கை உறிஞ்சி, "இன்னைக்குப் பூண்டு" என்று சுகிர்தா சொல்லிவிடுவாள்.

அந்த வியாழக்கிழமையும் பூண்டுதான். குழம்பு கொதித்து எண்ணெய் பிரிந்து, தங்கபுஷ்பம் சட்டியை இறக்கி வைத்துவிட்டு, ரெண்டு தட்டைக் கழுவி எடுத்துக்கொண்டு திரும்பும்போது, சுகிர்தா நிலைப்படியில் சாய்ந்து நின்றபடி, திருப்பூர் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருக்கும் பிரபு என்பவனைத் தான் ரிஜிஸ்டர் கல்யாணம் பண்ணிக்கொண்டதாகச் சொன்னாள்.

"எப்ப?"

"போன மாசம்."

"லயன்ல யாருக்கெல்லாம் தெரியும்?"

சுகிர்தா பக்கத்துச் சுவரைப் பார்த்தாள். லயன் வீட்டுச் சுவர் ஒரு செங்கல் கனம்தான் இருக்கும். அந்தப் பக்கத்து வீட்டில் யாரோ எச்சில் விழுங்கியது இந்தப் பக்கம் கேட்டது. தங்கபுஷ்பத்துக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மாப்பிள்ளை கருப்பா சிவப்பா என்பதுகூட அவளுக்கு அந்த நேரத்தில் பெரிதாகப் படவில்லை, பதினேழு வீட்டுக்கும் தெரிந்தது பெற்றவளுக்குத் தெரியாமல் போனதுதான் நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

"அப்ப பதினேழு வீட்டுலயும் போயிச் சாப்பிட்டுக்க. இந்த வீட்டுல உனக்கு உலை இல்ல" என்றாள்.

"ஒரு வாய் சோத்தைக் காட்டியே என்னைக் கட்டி வச்சிருக்கலாம்னு பாத்தியா? உன் சோறும் வேண்டாம், நீயும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டு சுகிர்தா பையைத் தூக்கிக்கொண்டு கடைசி பஸ்ஸைப் பிடிக்க மழையில் இறங்கிப் போனாள். தங்கபுஷ்பம் குழம்பை அப்படியே கொண்டுபோய் வாசல் சாக்கடையில் கொட்டினாள். சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, கழுவின ரெண்டு தட்டையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் காலை, வேலைக்குப் பேர் கொடுக்கிற மஸ்டருக்குப் புறப்படும்போது சட்டியைத் தொட்டவள் கையை இழுத்துக்கொண்டாள். கொதித்த குழம்பை இறக்கி வைத்தால் சட்டியில் என்ன சூடு இருக்குமோ அந்தச் சூடு. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. வெறும் கையில் பிடித்தால் சுட்டது. துணியில் சுற்றிப் பிடித்தால் இதமாக இருந்தது. அடுப்பு சாம்பலாகிக் கிடந்தது.

மேல்லயனில் இதற்கு யாரும் வாயைப் பிளக்கவில்லை. யானை வந்து அரிசி மூட்டையைத் தூக்கிப் போகிற ஊரில், காலுறைக்குள் அட்டை புகுந்து கணக்கில்லாமல் இரத்தம் குடிக்கிற ஊரில், சட்டி சுட்டால் என்ன. அவர்களுக்கு இருந்த ஒரே கேள்வி ஏன் என்பது, அதையும் முதல் வீட்டு வேலாண்டி ஒரு பீடி பிடித்து முடிக்கும் நேரத்துக்குள் தீர்த்து வைத்துவிட்டார். வேலாண்டிக்கு அறுபது வயது, இரண்டு முட்டியும் தேய்ந்தவர், லயனில் எது நடந்தாலும் அதற்குக் காரணம் சொல்லும் வேலையைத் தானாகவே எடுத்துக்கொண்டவர்.

"பெத்த வயிறு எரியுதுல்ல, அதான் சட்டி எரியுது. தங்கச்சியோட கோபம் தணியிற வரைக்கும் இது தணியாது. வேணும்னா எழுதி வச்சுக்கங்க" என்றார்.

எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். தங்கபுஷ்பமும் மறுக்கவில்லை.

முதலில் வந்தது அடுத்த வீட்டுச் சின்னக்கிளிதான், எச்சில் விழுங்கின அதே சின்னக்கிளி. மழைக்காலத்தில் அந்த மலையில் தோசை மாவு புளிக்கவே புளிக்காது, மூன்று நாள் வைத்தாலும் அரைத்தபடியே முறைத்துக்கொண்டு கிடக்கும். "மதினி, சும்மா தானே சுட்டுக்கிட்டுக் கிடக்கு, மாவுப் பாத்திரத்தைக் கொஞ்சம் பக்கத்துல வச்சுக்கவா?" என்று கேட்டு வைத்தாள். விடிந்து பார்த்தால் மாவு பொங்கித் தரையில் ஓடிக்கொண்டிருந்தது. அன்றைக்கு மேல்லயனில் எல்லா வீட்டிலும் மழை பிடித்ததிலிருந்து முதல் தடவையாகப் பஞ்சு மாதிரி இட்லி, அதோடு சட்டியின் சேதியும் இட்லியோடு இட்லியாக எல்லா வீட்டுக்கும் போய்விட்டது.

அப்புறம் பிடித்தது ஓட்டம். தயிர் உறையாத வீட்டுக்குத் தயிர் உறைய வைக்கப் போனது. உப்பு தண்ணீராகிப்போன வீட்டுக்கு உப்பை உலர்த்தப் போனது. நமுத்த தீப்பெட்டிகள் அதன் வயிற்றுக்குள் அடுக்கப்பட்டு மொறமொறவென்று திரும்பி வந்தன. பள்ளிக்கூடச் சட்டையை விரித்து, ஈரத்துணி போட்டு, சட்டியின் அடிப்பாகத்தால் தேய்த்தார்கள், வால்பாறைக் கடைத்தெருவில்கூட அப்படி மடிப்புக் கலையாத சட்டையைப் பார்க்க முடியாது என்று வாத்தியாரே சொன்னார். வேலாண்டி துணி சுற்றி முட்டிக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டு, பதினைந்து வருஷத்தில் முதல் தடவையாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். மாரியம்மன் கோவில் கொடைத் திருவிழாவுக்கு வந்த தப்புக்காரர்கள், தோல் தொய்ந்துபோன தப்பைச் சட்டிக்கு நேரே பிடித்து முறுக்கேற்றிக்கொண்டு போனார்கள். பாம்பு தீண்டிச் செத்த கோழியின் பதினோரு முட்டையைச் சின்னக்கிளி வைக்கோலில் சட்டியோடு சேர்த்து வைத்தாள். ஒன்பது பொரிந்தன. பொரிந்த குஞ்சுகள் சட்டியையே தாயென்று எண்ணிக்கொண்டு, அது எந்த வீட்டுக்குப் போனாலும் வரிசையாக அதன் பின்னாலேயே ஓடின, வளர்ந்து முட்டையிடுகிற வயசு வந்த பிறகும் அந்தப் பழக்கத்தை விடவில்லை.

ஒருநாள் யானையும் வந்தது. பின்சுவரை முட்டப் போன யானை, ஜன்னல் மேடையில் இருந்த சட்டிக்கு மேலே தும்பிக்கையை நீட்டிக் கண்ணை மூடிக்கொண்டு அரைமணி நேரம் நின்றுவிட்டு, ஒரு பருக்கைகூடத் தொடாமல் காட்டுக்குத் திரும்பியது. விஷயம் கேள்விப்பட்டு மானேஜரும் வந்தார், நம்பாமல் தொட்டுப் பார்த்து விரலைச் சுட்டுக்கொண்டார், இப்படி ஒரு வசதி இருக்கும்போது மேல்லயனுக்குக் கம்பெனி விறகு எதற்கு என்று யோசித்தார். சட்டி கம்பெனி சொத்து இல்லை, தனிப்பட்ட கோபம் என்று யூனியனில் பேசி அதை நிறுத்தினார்கள்.

சட்டிக்குப் போட்டி வந்ததால் வேலாண்டி ஒரு பழைய காலண்டரின் பின்பக்கத்தில் முறை எழுதித் தன் வீட்டுச் சுவரில் ஆணியடித்து மாட்டினார்: ஒன்றாம் நம்பருக்கு இந்நேரம், இரண்டாம் நம்பருக்கு இந்நேரம் என்று பதினெட்டு வீட்டுக்கும். அந்த லயனில் இரவல் வாங்கின பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் கிடையாது. வசதி இருக்கிறவர்கள் நாலு முட்டை வைப்பார்கள், இல்லாதவர்கள் ஒரு வெல்லத்துண்டு, நாலு காய்ந்த மிளகாய், அதுவும் இல்லாத வாரக் கடைசியில் ஒரு செம்பருத்தியாவது கிடக்கும். தனியாகிப் போன தங்கபுஷ்பம் சரியாகச் சமைக்காமல் சாப்பிடாமல் இருந்த அந்த மாதங்களில் சட்டி கொண்டுவந்து போட்டதுதான் அவள் உடம்பில் ஒட்டியது.

ஒரே ஒரு விதி வைத்திருந்தாள். "என்ன வேணும்னாலும் பண்ணிக்கங்க. அதுல குழம்பு மட்டும் வைக்கக் கூடாது."

விநோதம்தான், ஆனால் யாரும் காரணம் கேட்கவில்லை. ஓசியில் வருகிற சூட்டிடம் என்ன கேள்வி. சமைக்கச் செய்த சட்டியில் சமையலைத் தவிர மற்ற எல்லாம் நடந்தது.

இனிமேல் சொல்லப்போவது மேல்லயனுக்குப் பெருமை சேர்க்கிற விஷயம் இல்லை. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், சர்ச்சில் மற்றவர்களின் பிள்ளைகள் பாடுவதைப் பார்த்துத் தங்கபுஷ்பம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அன்று சட்டியை வாங்கின ஐந்தாம் நம்பர்க்காரிக்குச் சூடு கொஞ்சம் குறைந்தாற்போல் தோன்றியது. குறையவில்லை, அவளுக்குத் தோன்றியது. ஆனால் லயன் நடுங்கிப்போனது. கோபம் தணிந்துவிட்டால் மாவு, தயிர், முட்டி எல்லாம் என்ன ஆவது? அதிலிருந்து அவர்கள் ஒருவர் மாற்றி ஒருவர், அடுப்பில் விறகைத் தள்ளிவிடுகிற மாதிரி, அவளிடம் வந்து தள்ளிவிட்டுப் போக ஆரம்பித்தார்கள்.

"ஆயிரம் இருந்தாலும் அவ உன்னை அப்படிப் பேசியிருக்கக் கூடாது, தங்கச்சி" என்பார் வேலாண்டி.

"ஒரு போன் உண்டா, ஒரு சேதி உண்டா மதினி? கல்நெஞ்சுக்காரி" என்பாள் சின்னக்கிளி.

சின்னக்கிளி அப்படிச் சொல்வதில்தான் சங்கதி இருந்தது. எஸ்டேட்டில் சிக்னல் கிடைக்கிற ஒரே இடம் வளைவில் இருக்கும் டவர் பாறை. அந்தப் பாறைமேல் ஏறி நின்று போன் பேசுகிற சின்னக்கிளிக்கு மாதம் தவறாமல் திருப்பூரிலிருந்து ஒரு அழைப்பு வந்தது. "அத்தை, அம்மாவுக்குக் கோபம் ஆறிடுச்சா?" என்று கேட்கும் அந்தக் குரல். சின்னக்கிளி பொய் சொல்லவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். அன்று காலைதான் சட்டியைத் தொட்டிருப்பாள், இன்னும் சுடுகிறதே. "இல்ல தாயி. இன்னும் ஆறல. கொஞ்ச நாள் போகட்டும்" என்று சொல்லிவிட்டுப் பாறையை விட்டு இறங்குவாள். எட்டாம் நம்பர் பக்கம் பார்க்காமலே நடந்து வீடு சேருவாள். ஆனால் வீட்டில் தயிர் நன்றாக உறைந்திருக்கும்.

தங்கபுஷ்பத்துக்கு இது ஒன்றும் தெரியாது. அவளுக்குத் தெரிந்த ஒன்று வேறு யாருக்கும் தெரியாது. அவளுடைய கோபம் மூன்றாம் நாளே முடிந்துவிட்டது. சனிக்கிழமை மத்தியானம் கொழுந்துக் கூடையை இறக்கி வைக்கும்போது, அந்தக் குழம்பைக் கொட்டியிருக்க வேண்டாமே என்று ஒரு நினைப்பு வந்தது, அவ்வளவுதான், கோபம் போய்விட்டது. சட்டி மட்டும் ஏன் சுடுகிறது என்று அவள் யோசித்தாள். தட்டு ரெண்டையும் கையில் வைத்துக்கொண்டு திரும்பின அந்த நேரத்துச் சூடு அது என்பது அவளுக்கு மட்டும் புரிந்தது. ஆனால் லயனே சேர்ந்து கோபக்காரி என்று மரியாதை கொடுக்கும்போது, மகள் ஒரு போன்கூடப் பண்ணாதபோது, நான் காத்துக்கொண்டிருக்கிறேன் என்று எப்படிச் சொல்வது? வெட்கமாக இருந்தது. கோபம் என்றே இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

அடுத்த வருஷம் ஆவணி பிறக்கும்போது மழை மலையைக் கரைத்துக்கொண்டிருந்தது. மழையால் வேலை நின்றுபோன ஒருநாள் காலை பத்து மணிக்கு, தலையில் பிளாஸ்டிக் சாக்கைப் போட்டுக்கொண்டு, வயிற்றை ஒரு கையால் தாங்கிக்கொண்டு, சுகிர்தா லயன் முனையில் வந்து நின்றாள். எட்டு மாசம். பஸ் பாதியில் நின்றுவிட, புருஷன் பெரிய பையை எடுக்கத் திரும்பிப் போயிருக்கிறான், அதற்குள் இருவருக்கும் நடுவில் மலைச்சரிவு விழுந்து சாலையை மூடிவிட்டது. மிச்ச மூன்று மைலை அவள் தனியாக நடந்து வந்திருந்தாள். வீட்டுக்குள் நுழையாமல் வாசலிலேயே நின்றாள்.

"தலைப்பிரசவம். அம்மா வீட்டுலதான் பாக்கணும்னு தோணிச்சு" என்றாள். "பத்து தடவைக்கு மேல போன் பண்ணிக் கேட்டேன், கோபம் ஆறிடுச்சான்னு. ஆறல ஆறலன்னே சொன்னாங்க. ஆறாட்டிப் பரவாயில்லன்னு வந்துட்டேன்மா."

தங்கபுஷ்பம் மெதுவாகத் தலையைத் திருப்பி வரிசையாக நின்ற லயனைப் பார்த்தாள். வேலாண்டி தன் முட்டியைப் பார்த்தார். சின்னக்கிளி தரையைப் பார்த்தாள், பிறகு அழுதுவிட்டாள். "மதினி, நான்தான்... நாங்கதான்... சட்டி ஆறிருமேன்னு..."

"ஏட்டி, இப்பத்தான்டி எனக்குக் கோபம் வருது" என்றாள் தங்கபுஷ்பம். அது நிஜமான கோபம். ஆனால் அந்த நேரம் ஆறாம் நம்பர் வீட்டில் தீப்பெட்டி காயவைத்துக்கொண்டிருந்த சட்டி ஒரு பொட்டுக்கூட அதிகம் சுடவில்லை. அதைக் கவனிக்க யாருக்கும் நேரமில்லை, ஏனென்றால் சுகிர்தா நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு "அம்மா" என்று கீழே உட்கார்ந்தாள்.

எஸ்டேட் ஆஸ்பத்திரியில் டாக்டர் கிடையாது, ஆக்னஸ் சிஸ்டர் மட்டும்தான். அவர் ரெயின்கோட்டோடு ஓடி வந்தார். மறுநாள் மத்தியானம் பெண் குழந்தை பிறந்தது. கொழுந்து நிறுக்கிற தராசைக் கொண்டுவந்து, துணித் தொட்டிலில் போட்டு நிறுத்தார்கள். ஒரு கிலோ எழுநூறு. அழுகை பூனைக்குட்டி கத்துகிற மாதிரி இருந்தது. "கீழ ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும், ஆனா ரோடு திறக்க எப்படியும் பத்து நாள் ஆகும்னு சொல்றாங்க" என்றார் சிஸ்டர். "அதுவரைக்கும் ரெண்டே ரெண்டு வேணும் இதுக்கு. ஒண்ணு சூடு. இன்னொண்ணு தாய்ப்பால்."

சூட்டுக்குப் பஞ்சமில்லை. ஆறாம் நம்பர்க்காரி தீப்பெட்டிகளைக் கொட்டிவிட்டுச் சட்டியை ஓட்டமாகக் கொண்டுவந்தாள், பின்னாலேயே ஒன்பது கோழியும் வந்தன. சட்டியைக் கம்பளியில் சுற்றிக் கொழுந்துக் கூடையின் அடியில் வைத்து, மேலே பழைய சேலைகளை மெத்தையாகப் போட்டு, பிள்ளையைப் படுக்க வைத்தார்கள். பிள்ளை சிவந்தது, தூங்கியது. அன்றைக்கு லயனில் எல்லோர் முகத்திலும் ஒரு நிம்மதி, பார்த்தீர்களா, நாங்கள் சட்டியைக் காப்பாற்றி வைத்தது எவ்வளவு நல்லதாகப் போயிற்று என்கிற மாதிரி.

பால்தான் சரியாக வரவில்லை. சுகிர்தாவுக்குக் குளிர்க்காய்ச்சல். பிள்ளையைத் தூக்கக்கூட முடியாமல் கிடந்தாள். கஞ்சி கொடுத்தால் குமட்டினாள், ரசம் சோறு கொடுத்தால் குமட்டினாள். மூன்றாம் நாள் மறுபடி நிறுத்தபோது பிள்ளை ஒரு கிலோ அறுநூறு. சிஸ்டர் தங்கபுஷ்பத்தை வெளியே அழைத்துப் போய்ச் சொன்னார்: "இவ சாப்பிட்டாத்தான் பால். வெறும் சூட்டை வச்சுக்கிட்டுப் பிள்ளை பிழைக்காதும்மா."

தங்கபுஷ்பம் மகளின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். "என்ன வேணும் சொல்லு. எதுன்னாலும் செஞ்சு தாரேன்."

சுகிர்தா போர்வையை மூக்கு வரைக்கும் இழுத்துக்கொண்டாள். "அன்னைக்கு வச்சியே, பூண்டுக் குழம்பு. பஸ்ல போற வழியெல்லாம் அந்த வாசம்தான்மா."

அலுமினியப் பாத்திரத்தில் வைத்துக் கொடுத்தாள். ஒரு வாய் வாங்கிக்கொண்டு சுகிர்தா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வேண்டுமென்று செய்யவில்லை, உள்ளே இறங்கவில்லை. தங்கபுஷ்பம் எழுந்துபோய்க் கூடையிலிருந்து பிள்ளையைத் தூக்கிச் சின்னக்கிளி கையில் கொடுத்துவிட்டு, கம்பளியைப் பிரித்துச் சட்டியை எடுத்தாள்.

வாசலில் கூடியிருந்த லயன் பதறிப்போனது.

"தங்கச்சி, என்ன காரியம் பண்ற? அதுல சமைக்கக் கூடாதுன்னு நீதானே சொன்ன?" என்றார் வேலாண்டி.

"ஆமாண்ணே. சமைச்சு அவ சாப்பிட்டா இது ஆறிரும். அவளுக்கு முந்தி வேற யாரும் அதுல சாப்பிடக் கூடாதுன்னுதான் சொன்னேன்."

"கோபம் போனாத்தானே ஆறும்?"

"கோபம் மூணாம் நாளே போயிருச்சுண்ணே" என்றாள் தங்கபுஷ்பம். பதினாலு மாத வெட்கம் ஒரு வாக்கியத்தில் போய்விட்டது. "பிள்ளை சாப்பிடாமப் போயிட்டா. வந்தா சூடாப் போடணும்னு இருந்தேன். அதான் சுடுது. வேற ஒண்ணும் இல்ல."

வாசலில் நின்றவர்கள் சட்டியைப் பார்த்தார்கள். தங்கள் தயிரும் இட்லியும் எதிலிருந்து வந்தன என்று அவர்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. கடைசியில் சின்னக்கிளி, குழந்தையைச் சேலைக்குள் இறுக்கிக்கொண்டு, "அப்ப இந்தப் பச்ச மண்ணுக்குச் சூட்டுக்கு எங்க போறது மதினி?" என்று கேட்டாள்.

தங்கபுஷ்பம் சட்டியைத் தரையில் வைத்தாள். சட்டியை வைத்துக்கொண்டால் பிள்ளை பசியில் போகும், சட்டியை விட்டால் குளிரில் போகும், இது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. "தெரியலடி. ஆனா சாப்பாடு கேட்ட பிள்ளைக்கு ரெண்டாந்தடவையும் இல்லன்னு சொல்ல என்னால முடியாது" என்று சொல்லிவிட்டு நல்லெண்ணெயை ஊற்றினாள்.

அடுப்பு பற்ற வைக்கவில்லை. எண்ணெய் தானாகக் காய்ந்தது, கடுகு வெடித்தது, வெந்தயம் சிவந்தது, உரித்த பூண்டு இரண்டு கை அளவு விழுந்து வதங்கி, புளித்தண்ணீர் ஊற்றியதும் சட்டி இவ்வளவு நாளும் இதற்காகவே வாயைத் திறந்துகொண்டிருந்ததுபோல் கொதித்தது. மணம் சுவரைத் தாண்டி ஒவ்வொரு வீடாகப் போனது. உள்ளே கண்ணை மூடிக் கிடந்த சுகிர்தா மூக்கை உறிஞ்சினாள். "இன்னைக்குப் பூண்டு" என்றாள்.

குழைந்த சோற்றில் பிசைந்து தங்கபுஷ்பம் ஊட்டினாள். முதல் வாய் இறங்கியது, இரண்டாவது இறங்கியது. நாலாவது வாயில் சுகிர்தா எழுந்து உட்கார்ந்து தட்டைத் தானே வாங்கிக்கொண்டாள். இன்னும் போடும்மா என்றாள், இன்னும் போட்டாள். சட்டியின் அடியில் ஒட்டியிருந்த பூண்டை வழிக்க சுகிர்தா கையை நீட்டியபோது தங்கபுஷ்பம் பழக்க தோஷத்தில் "சுடும்டி" என்று தடுத்தாள். அதற்குள் சுகிர்தா விளிம்பைப் பிடித்துவிட்டாள்.

"ஆறிப்போச்சும்மா" என்றாள் பயந்துபோய்.

"ஆறட்டும். நீ வயிறு ரொம்பச் சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்."

தங்கபுஷ்பம் சட்டியை வாங்கிக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். எல்லாச் சட்டியையும் போலக் குளிர்ந்த இரும்பு. மழை பெய்துகொண்டிருந்தது. அவள் அழுதாள், சந்தோஷத்திலா பயத்திலா என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரிந்திருக்காது. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு பிள்ளையை வாங்கத் திரும்பினாள்.

சின்னக்கிளி பிள்ளையைத் தரவில்லை. சுவர் ஓரமாக உட்கார்ந்து, ஜாக்கெட்டை அவிழ்த்து, பிள்ளையைத் தன் வெற்று நெஞ்சில் ஒட்ட வைத்து, மேலே கம்பளியைப் போர்த்திக்கொண்டிருந்தாள். "இப்பத்தான் சிஸ்டர்கிட்டக் கேட்டேன், மனுஷ உடம்புச் சூடே போதுமாம், இறக்காம வச்சிருக்கணுமாம். நான் இப்படியே இருக்கேன் மதினி. பால் குடிக்க மட்டும் தாரேன். என்னை ஏசணும்னா அப்புறமா ஏசிக்கங்க."

"எத்தனை நாளைக்கு இருப்ப? மஸ்டருக்குப் போக வேண்டாமா?" என்றாள் தங்கபுஷ்பம்.

அப்போது வேலாண்டி ஒன்றும் சொல்லாமல் தன் வீட்டுக்குப் போனார். நொண்டிக்கொண்டே போய், நொண்டிக்கொண்டே திரும்பி வந்தார், கையில் அந்தக் காலண்டர் இருந்தது. ஒன்றாம் நம்பருக்கு இந்நேரம், இரண்டாம் நம்பருக்கு இந்நேரம். தலைப்பில் சட்டி என்று எழுதியிருந்ததைப் பேனாவால் அடித்துவிட்டு, பாப்பா என்று எழுதினார். வேறெதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. எட்டாம் நம்பர் வாசலில் ஆணியடித்து மாட்டிவிட்டு, சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே, "அடுத்தது என் முறை" என்றார்.

இப்படித்தான் அந்தப் பிள்ளை மேல்லயனில் நெஞ்சு நெஞ்சாகப் போயிற்று. வேலை முடிந்து ஈரச்சேலை மாற்றி வந்த பெண்கள் வைத்துக்கொண்டார்கள், சளி இல்லாத ஆண்கள் மார்பைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்து வைத்துக்கொண்டார்கள், சுகிர்தாவுக்குப் பால் சுரந்துவிட்டதால் பால் நேரத்துக்கு மட்டும் எட்டாம் நம்பருக்கு வந்து மறுபடி அடுத்த வீட்டுக்குப் போனது. பதினேழு வீட்டிலும் போய்ச் சாப்பிட்டுக்கொள் என்று மகளிடம் சொன்னவள், பேத்தியைப் பதினேழு வீட்டுக்கும் தன் கையாலேயே தூக்கிக் கொடுத்தாள். அன்றிலிருந்து சின்னக்கிளியோடு அவள் நாலு நாள் பேசவில்லை, ஐந்தாம் நாள் பேசினாள். ஒன்பது கோழிகளும் சட்டியை விட்டுவிட்டுப் பிள்ளைக்குப் பின்னால் வரிசையாக ஓடின. அந்த வாரம் யார் வீட்டிலும் மாவு புளிக்கவில்லை, தீப்பெட்டி பற்றவில்லை, உப்பு தண்ணீராக நின்றது, வேலாண்டி மறுபடி நொண்டினார். அதைப்பற்றி ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் சாலை திறந்தது. முதல் ஜீப்பில் பெரிய பையும் தாடியுமாக வந்து இறங்கிய பிரபுவிடம் அவன் மகளைக் கொடுப்பதற்கு முன்னால், ஆக்னஸ் சிஸ்டர் கொழுந்துத் தராசைக் கொண்டுவரச் சொல்லித் துணித் தொட்டிலில் பிள்ளையைப் போட்டார். பதினெட்டு வீடும் கழுத்தை நீட்டிப் பார்த்தது. ஒரு கிலோ எண்ணூற்று ஐம்பது.

"கூடியிருக்கே!" என்றாள் சுகிர்தா, நம்ப முடியாமல்.

"பின்னே?" என்றாள் தங்கபுஷ்பம். "இரவல் வாங்கினதை வெறுமையாத் திருப்பிக் குடுக்கிற வழக்கம் இந்த லயன்ல கிடையாது."